ஆறு மணியோடு முடியும் ஒப்பந்தம்

காலை 6.30. சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு நாற்சந்தி. டீக்கடை பாய்லரைச் சுற்றி ஆண்கள். எதிர்ப்புறம், இன்னும் திறக்காத செல்போன் கடையின் படிகளில் பெண்கள். அவர்களின் வயர் கூடைக்குள் தூக்குச் சட்டி, சும்மாட்டுத் துணி, புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. ஆண்களின் சாக்குப் பையிலிருந்து மட்டப்பலகையின் முனை எட்டிப் பார்க்கிறது. உள்ளே கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு.

ஒரு பைக் வந்து நிற்கிறது. இன்ஜினை அணைக்காமலே மேஸ்திரி கேட்கிறார்:

“பூச்சு வேலை. ஒரு கொத்தனாரு, ரெண்டு சித்தாளு. வர்றீங்களா?”

“எவ்ளோ?”

“எப்பவும் குடுக்கிறதுதான்.”

“டீ?”

“வாங்கித் தர்றேன், ஏறுய்யா.”

கொத்தனார் பின்னால் ஏறிக்கொள்கிறார். பெண்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் வந்து சேர வேண்டும். அந்த ஆட்டோ காசு யாருடையது என்று பேசவில்லை. பேசியிருந்தால் மேஸ்திரி வேறு இருவரைக் கூப்பிட்டிருப்பார். படியில் இன்னும் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முப்பது விநாடி இருக்குமா? அவ்வளவுதான் கூலிப் பேச்சுவார்த்தை. அந்த ஒப்பந்தம் மாலை ஆறு மணியோடு காலாவதி. நாளை மறுபடி இதே படி, இதே பைக் சத்தம்.

திருப்பூர் பனியன் தொழிலில் ஊதிய ஒப்பந்தம் என்றால் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடும் காகிதம். அரசுப் பேருந்து ஓட்டுநருக்கும் அப்படி ஒரு காகிதம் உண்டு. விவசாயத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் கட்டுமானத் தொழிலில் மட்டும் அது கண்ணில் படுவதே அபூர்வம். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததாக அறிவித்த பிறகு, சங்கக் கூட்டங்களில் இதுதான் பேச்சு: இனி நம் கூலியை யாரோடு உட்கார்ந்து பேசுவது?

முதலாளி எந்த மாடியில் இருக்கிறார்?

ஒப்பந்தம் போட இரண்டு தரப்பு வேண்டும். கட்டுமானத்தில் ஒரு தரப்பு கரணையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறது. மறுதரப்பைத் தேடித்தான் போக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலம் ஒருவருடையது, கட்டி விற்பவர் வேறு. அவர் கட்டுமான வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறார். கம்பெனி சென்ட்ரிங் ஒருவருக்கு, கம்பி கட்டுவது ஒருவருக்கு, பூச்சு ஒருவருக்கு என்று பிரித்துவிடுகிறது. அவர்களுக்குக் கீழே லேபர் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி. சனிக்கிழமை சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுப்பவர்தான் சித்தாளுக்குத் தெரிந்த ஒரே முதலாளி. அந்த மேஸ்திரி பத்து வருஷத்துக்கு முன்பு கொத்தனாராக இருந்தவர். அதற்கு முன் கலவை தூக்கியவர். பில் பாஸாகவில்லை என்றால் அவருக்கே காசு வராது. அவரிடம் உட்கார்ந்து மூன்று வருஷக் கூலியைப் பேசி என்ன ஆகப் போகிறது?

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது இது ஏட்டிலேயே ஏறியது. அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடை செய்த கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஜமாதார் முறையும் இன்றுவரை இருக்கிறது.

சங்கிலியின் உச்சியில் இருப்பவர் பெரிய பில்டர்தான் என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நானும் ஒரு ஒப்பந்தம் போட்டேன். 20 ரூபாய் முத்திரைத்தாள். சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் ரேட். கலவை விகிதம், கம்பியின் கனம், தளம் போட்டபின் எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என எல்லாம் எழுதினோம். ‘தொழிலாளர்’ என்ற சொல் அதில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: தொழிலாளர்களால் ஏற்படும் சேதத்துக்கு மேஸ்திரியே பொறுப்பு. தொழிலாளர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று நான் எழுதவில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

■ பன்னிரண்டு மூணு, பதினெட்டு ஒண்ணு
தொழிற்சங்க அலுவலகங்களில் இந்த எண்கள் அடிக்கடி காதில் விழும். 1947-ன் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவுகள் இவை. 12(3) என்றால் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் உருவான ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட சங்கத்தில் இல்லாதவரையும், பிறகு வேலைக்குச் சேர்பவரையும்கூட அது கட்டுப்படுத்தும். 18(1) என்றால் இரு தரப்பும் தங்களுக்குள் பேசிப் போட்டது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கட்டட வேலையில் பெரும்பாலும் இரண்டுமே இல்லை. இருப்பது வாய்ச்சொல்.

பலகையில் எழுதிய கூலி

வாய்ச்சொல்லுக்கும் ஒரு பலம் உண்டு. தென் மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் பல சிறு ஊர்களில் கட்டடத் தொழிலாளர் சங்கமே ஆண்டுதோறும் ரேட் அறிவிக்கும். தை பிறந்தோ, ஏப்ரலிலோ நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். சங்கக் கொடிக்கம்பத்தின் கீழே பலகையில் எழுதுவார்கள். கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு, வேலை நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கான்கிரீட் நாளில் சாப்பாடு உண்டா என்பதுவரை. உள்ளூர்ப் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் அதைக் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட ஊர்களும் உண்டு.

அதற்குக் கோர்ட் தேவையில்லை. பலகைக்குக் குறைத்துக் கொடுக்கும் சைட்டுக்கு மறுநாள் ஆள் போகாது. ஒரே ஊர், ஒரே டீக்கடை, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் ஓடும் ஏற்பாடு இது. மாநகரத்தில் பலகையை எந்தச் சந்தியில் நடுவது?

பலகையை உற்றுப் படித்தால் இன்னொன்றும் தெரியும். பெரியாள் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெரும்பாலும் பெண். பெரியாளுக்கும் சித்தாளுக்கும் உள்ள கூலி வித்தியாசம் சங்கத்தின் கையெழுத்தோடே எழுதப்பட்டிருக்கிறது. பையன் சித்தாள் வேலைக்கு வந்து, ஓய்ந்த நேரத்தில் கரண்டி பிடித்து, நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். முப்பது வருஷம் பாண்டுச்சட்டி தூக்கிய பெண் முப்பதாவது வருஷமும் சித்தாள்தான். அவர் கையில் கரண்டியைக் கொடுக்க வேண்டும் என்று பில்டரிடம் கேட்பதற்கு முன் சங்கம் தன் உறுப்பினர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. முதலாளியைக் குறை சொல்லி நழுவ முடியாத இடம் இது.

கோட்டையோடு ஒரு பேரம்

முதலாளி கைக்கு அகப்படாத தொழிலில் சங்கம் என்ன செய்யும்? தமிழகத்துச் சங்கங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன: மறுதரப்பு நாற்காலியில் அரசை உட்கார வைப்பது.

1970-களின் இறுதியிலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனது பில்டர் வீட்டுக்கு அல்ல, கோட்டைக்கு. 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன்னின்ற தேசிய இயக்கத்தின் அழுத்தத்தில் 1996-ல் மத்தியச் சட்டங்கள் வந்தன. கட்டடத்தின் மதிப்பில் 1 சதவீதம் செஸ். அந்தப் பணத்தில் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து இழப்பீடு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம்.

கேட்க எளிதாக இருக்கிறது. யோசித்தால், மிகக் கெட்டிக்காரத்தனமான பேரம். முதலாளி யார் என்ற கேள்வியையே தாண்டிவிடுகிறது. எத்தனை கான்ட்ராக்டர்கள் இடையில் இருந்தாலும், கட்டடம் என்று ஒன்று எழும்பினால் 1 சதவீதம் வந்தாக வேண்டும். ரீனா அகர்வாலா என்ற சமூகவியல் அறிஞர் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, மேற்கு வங்கத்தில் கட்டட, பீடித் தொழிலாளர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட நூலின் மையமே இதுதான்: அமைப்புசாராத் தொழிலாளர்கள் முதலாளியிடம் கூலி கேட்பதைவிட, வாக்காளராக அரசிடம் நலத்திட்டம் கேட்கிறார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கூலி, வேலை நேரம், சாரத்தின் பலம், பெண்களுக்குக் கழிப்பறை எல்லாம் சைட்டில் நடப்பவை. வாரியம் சைட்டுக்கு வருவதில்லை. சங்கமும் மெல்ல மெல்ல சைட்டை விட்டு அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. இன்று பல சங்க அலுவலகங்களில் நடப்பது பதிவு, புதுப்பித்தல், ஆதார் இணைப்பு, உதவித்தொகை மனு. ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் முதியவருக்கு அந்த உதவி பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தொழிற்சங்கம் இ-சேவை மையமாக மாறுவதை முன்னேற்றம் என்று என்னால் எழுத முடியவில்லை.

■ செலவாகாத பணம்
செஸ் நிதி பற்றிய வழக்கில் 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மதன் பி. லோகுர் அமர்வு தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் திரண்டிருந்தது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்களுக்காகச் செலவானது சுமார் 9,500 கோடி. அந்தப் பணத்தில் லேப்டாப், வாஷிங் மெஷின் வாங்கிய கணக்கும் நீதிமன்றத்தின் முன் வந்தது.

மழை பெய்தால் யார் நிறுத்தச் சொல்வது?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. நல்ல மழை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பலர். ஒடிசாக்காரர்களும் தமிழகத்துக்காரர்களும் இருந்தார்கள். அன்று வாரக்கூலி நாள்.

அந்தக் கட்டடம் விழுந்ததற்கான காரணங்கள் விசாரணைக் கமிஷன் வரை போயின. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே கேள்வி வேறு. தூண் விரிவதையோ, மண் இளகுவதையோ ஒரு சைட்டில் முதலில் பார்க்கக் கூடியவர் அங்கேயே வேலை செய்யும் ஆள்தான். “இதுல நான் ஏற மாட்டேன்” என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்றால், அவர் ஏறத்தான் செய்வார். கூலி ஒப்பந்தம் என்றதும் நாம் ரூபாயை மட்டும் நினைக்கிறோம். அதிலே இருக்க வேண்டிய பெரிய வரி இது: ஆபத்து என்று ஆள் சொன்னால் வேலை நிற்கும், கூலி நிற்காது.

உலகத்தில் அப்படி எழுதி வைத்த ஊர் இருக்கிறதா? இருக்கிறது. அங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

■ மெல்பர்னில் என்ன நடக்கிறது?
1856 ஏப்ரல் 21 அன்று மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். கேட்டது 8 மணி நேர வேலை, வாங்கவும் செய்தார்கள். இன்று அங்கே பெரிய சைட்டுகளில் சங்கமும் கம்பெனியும் பேசி முடித்ததைத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். பொதுவான சட்டக் கூலியைவிட மொத்தத்தில் மேலானதுதானா என்று அந்நாட்டுத் தொழிலாளர் ஆணையம் பார்த்து ஒப்புதல் தரும். ஒப்பந்தத்தின் ஆயுள் அதிகபட்சம் 4 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தால் சட்டப் பாதுகாப்பு கிடையாது. விக்டோரியாவில் வெயில் 35 டிகிரியைத் தொட்டால் வேலையை நிறுத்துவது சங்கத்தின் நடைமுறை. 2024-ல் அங்கே பேசிய கூலி உயர்வு ஆண்டுக்கு 5 சதவீதம், 4 ஆண்டுக்கு.

அதே 2024-ல்தான், அதே கட்டுமானச் சங்கத்துக்குள் ரவுடிக் கும்பல்கள் புகுந்துவிட்டதாகப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. ஆகஸ்ட் 23 அன்று ஆஸ்திரேலிய அரசு சங்கத்தின் கட்டுமானப் பிரிவைத் தனி நிர்வாகியின் கையில் ஒப்படைத்தது. அதை எதிர்த்த வழக்கு 2025 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. நம் பக்கத்து மாநிலத்திலும் இந்தக் கசப்பு உண்டு: வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கேட்கும் ‘நோக்குக்கூலி’யைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்ய வேண்டி வந்தது.

பில்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். சங்கத்தை உள்ளே விட்டால் சைட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் வட்டாரத்தில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியை அவர்கள் யோசிப்பதில்லை. ஃபிளாட்டின் விலையை இன்றைக்கே பேசி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். சாவி கொடுப்பது மூன்று வருஷம் கழித்து. இடையில் கம்பி விலை ஏறும், சிமென்ட் ஏறும், கூலியும் ஏறும். கூலியை மட்டுமாவது மூன்று வருஷத்துக்கு எழுதி வைத்துக்கொள்ள முடிந்தால் அது யாருக்கு லாபம்? திருப்பூர் முதலாளிகள் கையெழுத்துப் போடுவது தருமத்துக்காக அல்ல.

ஊரைவிட்டு வந்தவர் எந்தச் சங்கம்?

ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2021-22-க்கான கிராமப்புறக் கட்டுமானக் கூலி இப்படி இருக்கிறது: கேரளத்தில் நாளுக்கு 837 ரூபாய், தமிழகத்தில் 478, நாட்டின் சராசரி 373. வடக்கிலிருந்து ரயில்கள் ஏன் நிரம்பி வருகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஒரு காலத்தில் நம் ஆட்கள் இதே கணக்குப் போட்டுத்தான் கேரளத்துக்கு பஸ் ஏறினார்கள்.

இன்று சென்னையின் பெரிய சைட்டுகளில் கம்பி கட்டுவதும் சென்ட்ரிங்கும் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்க இளைஞர்கள் கையில். சைட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகை. ஆள் பிடித்து வந்தவர் ஊரிலேயே கொடுத்த முன்பணம் கழியும்வரை வெளியே போக முடியாது. நாற்சந்தியில் நிற்கும் நம் சித்தாளுக்காவது நாளை வேறு பைக்கில் ஏறலாம் என்ற ஒரு சுதந்திரம் இருக்கிறது.

சங்கங்கள் இவர்களைப் போட்டியாகப் பார்த்தே பல வருஷம் கழித்துவிட்டன. உறுப்பினர் படிவம் தமிழில், கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையிலோ ஞாயிறும் வேலை. ஒரே தளத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் இல்லாத ஒப்பந்தம், மீதிப் பேருக்கும் நிலைக்காது. கூலியைக் குறைக்க நினைப்பவருக்கு மறுபாதி எப்போதும் கையில் இருக்கிறதே.

51 சதவீதம் எதில்?

புதிய தொழில் உறவுகள் தொகுப்பு முதல்முறையாகப் பேச்சுவார்த்தைச் சங்கம் என்று ஒன்றை நாடு முழுவதற்கும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். யாருக்கும் 51 இல்லை என்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழு. தொழிற்சாலைக்கு இது பொருந்தும். கட்டட சைட்டில் யாருடைய மஸ்டர் ரோல்? பில்டரின் பட்டியலில் இருப்பது நாலைந்து பொறியாளர்களும் ஒரு ஸ்டோர் கீப்பரும். கலவை போடுபவர் பெயர் லேபர் கான்ட்ராக்டரின் நோட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். அடித்தளம் போட்ட கூட்டம் பூச்சு வேலை வரும்போது வேறு ஊரில் இருக்கும். 51 சதவீதத்தை எண்ணி முடிப்பதற்குள் கட்டடமே முடிந்துவிடும்.

வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். வாரக்கூலி வராத ஆளுக்கு அடுத்த வாரம் சாப்பாடு இருக்காது. அவர் 14 நாளுக்கு எங்கே போவார்? ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பாய்வதற்கு 20 பேர் இருந்தால் போதும் என்பது 50 பேர் என்று உயர்ந்திருக்கிறது. 49 பேராக நறுக்கிக் கொடுக்கத் தெரியாதவரா நம் கான்ட்ராக்டர்?

அதைவிடப் பெரிய அடி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுகிறது. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பழைய சட்டத்தில் செஸ்ஸிலிருந்து விலக்கு இருந்தது. புதிய தொகுப்புகளில் அது 50 லட்சம். 40 லட்சத்தில் வீடு கட்டுபவரிடமிருந்து வாரியத்துக்கு வர வேண்டிய 40,000 ரூபாய் இந்தக் கணக்கில் வராது. சிறு நகரத்துத் தொழிலாளிக்கு வேலையே அப்படிப்பட்ட வீடுகளில்தான். முதலாளியிடம் பேச வழியில்லாமல் அரசிடம் பேசி வாங்கிய ஒரே ஒப்பந்தத்திலும் இப்படி ஓட்டை விழுந்தால், சங்கங்கள் மறுபடி சைட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். பில்டர் தரும் கான்ட்ராக்டிலேயே கூலி, கழிப்பறை, மழை நாள், விபத்து எல்லாம் எழுதப்பட வேண்டும், கீழே எத்தனை கை மாறினாலும் அது மாறக்கூடாது என்று கேட்க வேண்டும். அரசு டெண்டர்களில் இதை முதலில் கேட்கலாம். அங்கேயாவது முதலாளி யார் என்று தேட வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இந்த வருஷம் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும் முன் மேஸ்திரியிடம் நாலு கேள்வி கேளுங்கள். ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? சாமான் வராமலோ மழையாலோ பாதி நாளில் வேலை நின்றால் எவ்வளவு? சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? வருபவர்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது? பதிலை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் போட்ட தாளில் கீழே அரைப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.